கல் சிங்கம் குந்தியிருக்கிறது, மரச் சிங்கம் பாய்கிறது

யாழ்ப்பாணத்து அம்மன் கோவில்களில் நவராத்திரி நாட்களில் வீதி வரும் சிம்ம வாகனங்களைக் கவனித்திருப்பீர்கள். முன்கால் இரண்டையும் அந்தரத்தில் தூக்கிப் பாய்கிற சிங்கங்கள் அவற்றில் பல உண்டு. வாலும் பின்னால் சுழன்று எழும்பி நிற்கும். அப்புறம் மாமல்லபுரம் போனால் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் சிங்கங்களைப் பாருங்கள். தூணின் அடியில், தலைமேல் பாரத்தை வாங்கிக்கொண்டு, அசையாமல் குந்தியிருக்கும். இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், சிங்கம் எதனால் செய்யப்பட்டது என்பதுதான்.

ஒரு வெண்கட்டியை நிறுத்தி வைத்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள், இலேசில் உடையாது. அதையே இரு முனையிலும் பிடித்து வளைத்தால் 'டக்' என்று முறியும். கருங்கல்லும் அப்படித்தான். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் இருக்கும். அழுத்தும்போது அவை மூடிக்கொள்ளும். இழுக்கும்போதோ வாய் திறக்கும். இழுவிசை முழுவதும் வெடிப்பின் நுனியில் குவிந்து அதை மேலும் கிழித்துக்கொண்டு போகும். அதனால்தான் கருங்கல் அழுத்தத்தைத் தாங்குகிற அளவில் பத்திலொரு பங்கு இழுவையைக்கூடத் தாங்குவது அரிது.

இனி, அந்தரத்தில் நீட்டிய ஒரு சிங்கக் காலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்தப் பாரமே அதைக் கீழே வளைக்கப் பார்க்கும். காலின் மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நசுங்கும். கல் முறிவது மேற்பக்கத்தில், அதுவும் கால் உடலோடு சேரும் இடத்தில். தூணைச் சுமந்து குந்தியிருக்கிற சிங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கூரையின் பாரம் தலை, மார்பு, முன்கால் வழியாக நேரே தரைக்கு இறங்கிவிடும். எல்லாமே அழுத்தம். பல்லவச் சிற்பி கல்லின் குணத்தை அறிந்து சிங்கத்தை உட்கார வைத்தான் என்றே நான் நினைக்கிறேன்.

அசோகர் காலத்துச் சாரநாத் சிங்கங்கள் இதற்கு இன்னும் அழகான சாட்சி. கி.மு. 3ஆம் நூற்றாண்டு, தூணின் உச்சியில் வைத்த ஒரே மணற்கல், சிங்கங்களுக்குக் கீழே உள்ள பீடத்தோடு சேர்த்து உயரம் 2 மீற்றருக்குச் சற்று மேல். நான்கு சிங்கங்களும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. பின்னுடலே கிடையாது, வாலும் கிடையாது. முறியக்கூடிய பாகங்கள் எல்லாம் நடுவில் ஒரே திரளாகக் கலந்துவிட்டன. முன்கால்கள் மட்டும் நேராகக் கீழே ஊன்றியிருக்கின்றன. இவ்வளவு அடக்கமான வடிவம் இவ்வளவு கம்பீரமாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

ஜெர்மனியில் ஒரு குகையில் 1939இல் துண்டுதுண்டாகக் கிடைத்த சிங்கமுக மனிதன் இன்னும் பழையது, ஏறக்குறைய 40,000 ஆண்டுகள். அழிந்துபோன மாமதயானை என்னும் யானையினத்தின் தந்தம், உயரம் 31 சென்ரிமீற்றர். தந்தத்தின் உருண்டு ஒடுங்கிய வடிவத்துக்குள் அடங்கும்படி கைகள் உடலோடு ஒட்டியிருக்கின்றன. அதேபோன்ற கற்கருவிகளால் செய்து பார்த்தபோது 400 மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது.

சரி, மரம் எப்படி? மரம் நார்களால் ஆனது. நார் ஓடும் திசையில் இழுத்தால் பலமாகத் தாங்கும். நாருக்குக் குறுக்கே இழுத்தால் சுலபமாகப் பிளக்கும். ஆகவே பாயும் சிங்கத்தை ஒரே கட்டையில் செதுக்கினால், உடலுக்கு நெடுக்காக ஓடும் நார் காலுக்குக் குறுக்கே வந்துவிடும். கால் பட்டென்று கழன்றுபோகும். இதற்குத் தச்சு வேலையில் வழி இருக்கிறது. காலைத் தனிக் கட்டையில், நார் கால் நெடுக ஓடும்படி செதுக்கி, கழுந்து (குழிக்குள் இறங்கும் முனை) வைத்து உடலில் பொருத்தலாம். பாரத்திலும் மரத்துக்கே வாசி: ஒரு கன மீற்றர் கருங்கல் கிட்டத்தட்ட 2,700 கிலோ, மரம் பெரும்பாலும் அதில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாது. தோளில் ஏறி ஆடி ஆடிப் போகிற வாகனத்துக்கு வேறென்ன வேண்டும்?

நம் குடாநாட்டின் அடியில் இருப்பதோ சுண்ணாம்புக்கல். கந்தரோடையில் உள்ள பழைய பௌத்தத் தூபிகளையும் யாழ்ப்பாணக் கோட்டை மதிலையும் பார்த்தால் இந்த மண்ணில் எந்தக் கல் கைக்கெட்டியது என்பது விளங்கும். துளை நிறைந்தது, மழைநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது. பிடரிச் சுருளையும் நகத்தையும் அதில் நுணுக்கமாகச் செதுக்கினாலும் நாளடைவில் மழுங்கிப்போகும்.

கோபுரத்துச் சிங்கங்கள் வேறு வகை. சீமெந்தும் கல்லைப் போலவே இழுவைக்குத் தாங்காது. அதனால் நீட்டிய காலுக்குள் இரும்புக் கம்பி வைக்கிறார்கள். இழுவையைக் கம்பி வாங்கிக்கொள்ளும். ஆனால் நமக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே ஊறிக் கம்பி கறள் பிடிக்கும். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், சுற்றியிருக்கும் சீமெந்தை உள்ளிருந்தே தள்ளி உடைக்கும். சிங்கத்தின் கால் நெடுக ஒரு வெடிப்பும், அதன் ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒழுகிய கறையும் தெரிந்தால் உள்ளே இதுதான் நடக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முன் அந்த வெடிப்பின்மேல் சாந்து பூசி வர்ணம் அடித்தால் சில மழைக்குள் திரும்ப வெடிக்கும். பழைய சீமெந்தைக் கம்பி வரை உடைத்தெடுத்து, கறளைச் சுரண்டி, தேய்ந்துபோன கம்பியை மாற்றிவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும்.