டிபென்டன்சி: தமிழ்ல சார்பா, சார்புப்பொதியா?

சி++ல ஒரு ப்ரோக்ராம் எழுதுறீங்க, பிஎன்ஜி படம் திறக்கணும், அதுக்கு லிப்பிஎன்ஜிங்கிற லைப்ரரி வேணும், அந்த லிப்பிஎன்ஜிக்கு டேட்டாவைச் சுருக்கி விரிக்கிற ஸெட்லிப்ங்கிற லைப்ரரி வேணும். இப்படி நம்ம கோட் பில்ட் ஆகவோ (அதாவது ஓடுற ப்ரோக்ராமா மாறவோ) ஓடவோ வேற யாரோ எழுதின பேக்கேஜ், அதாவது கோட் மூட்டை, தேவைப்பட்டா அதுக்குப் பேர்தான் டிபென்டன்சி.

வேர் லத்தீன். டேன்னா கீழே, பென்டேரேன்னா தொங்குறது, பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. கழுத்துல போடுற பென்டன்ட், கடிகாரத்து பென்டுலம் எல்லாம் இதே குடும்பம்தான். வேடிக்கை என்னன்னா, தொங்குறது நம்ம ப்ரோக்ராம், ஆனா பேர் போய்ச் சேர்ந்தது மேல இருக்குற கொக்கிக்கு.

தமிழ்ல சார்பு, சார்புநிலைன்னு எழுதுறாங்க. சார்புங்கிற சொல்லுக்கும் இதே ரெண்டு பக்கமும் உண்டு, சாயுறதும் சார்பு, சாய்ஞ்சுக்குற பற்றுக்கோடும் சார்பு. குறள்ல 'சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்'னு வருதே, அதுல முதல் சார்பு பற்றுக்கோடு, ரெண்டாவது பற்று. பொருத்தமான சொல்தான், ஆனா ஒரு சிக்கல், பத்தாம் வகுப்பு கணக்குப் புக்குல ஃபங்ஷனுக்கும் சார்புன்னுதான் போட்டிருக்கு. பில்ட்ல 'சார்பைக் காணோம்'னு எரர் வந்தா லைப்ரரியைக் காணோமா, ஃபங்ஷனைக் காணோமா? ரெண்டுமே தினம் நடக்குற கூத்து.

இந்தக் குழப்பம் ஏன் முக்கியம்னா ஒரே கோடை லினக்ஸ், மேக், விண்டோஸ் மூணுலயும் பில்ட் பண்றப்போதான் டிபென்டன்சி உயிரை வாங்கும். லினக்ஸ்ல யூஎஸ்ஆர் ஃபோல்டர் கீழ இருக்கும், மேக்ல ஹோம்ப்ரூங்கிற பேக்கேஜ் மேனேஜர் வழியா போட்டா ஆப்பிளோட புது சிப்ல ஆப்ட் ஃபோல்டர் கீழயும் பழைய இன்டெல்ல யூஎஸ்ஆர் லோக்கல்லயும் போகும், விண்டோஸ்ல இதுக்குன்னு பொதுவான இடமே கிடையாது. பில்ட் எப்படி நடக்கணும்னு பார்த்துக்குற சிமேக்ங்கிற டூல்ல ஃபைண்ட் பேக்கேஜ்ங்கிற கட்டளை மெஷின்ல ஏற்கெனவே இருக்கான்னு தேடும், அதோட 3.11 வெர்ஷன்ல வந்த ஃபெட்ச்கன்டென்ட் சோர்ஸையே கான்ஃபிகர் நேரத்துல, அதாவது பில்டுக்கு முந்தின ஏற்பாட்டுல, இறக்கி நம்ம கோடோட சேர்த்து பில்ட் பண்ணிடும், 3.24லேர்ந்து முதல்ல தேடு, இல்லன்னா இறக்குன்னு ரெண்டையும் கோத்துவிடலாம். இறக்கும்போது மாறிக்கிட்டே இருக்குற மெயின் பிராஞ்ச்னு குடுக்காம, ஒரு குறிப்பிட்ட நிலையைக் காட்டுற கமிட் ஹாஷ் குடுங்க, இல்லன்னா நேத்து ஓடினது இன்னிக்கு ஓடாது. பேக்கேஜ் நிறைய ஆயிடுச்சுன்னா விசிபேக்கேஜ், கோனன் மாதிரி சி++ பேக்கேஜ் மேனேஜர் பக்கம் போறது நல்லது, ஒரு தடவை பில்ட் ஆனதை சேமிச்சு வெச்சு மறுபடி எடுத்துக்கும், ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் சோர்ஸ்லேர்ந்து பில்ட் பண்ணிட்டு உக்காந்திருக்க முடியாது.

அதனால என் ஓட்டு: உறவைச் சொல்ல சார்பு, பொருளைச் சொல்ல சார்புப்பொதி. பேக்கேஜுக்குப் பொதின்னு லினக்ஸ் தமிழாக்கத்துல ஏற்கெனவே புழங்குது. வெளியிலேர்ந்து வர்றதுன்னு அழுத்தணும்னா புறச் சார்புப்பொதி. ஸெட்லிப் மாதிரி இன்னொண்ணு வழியா உள்ள நுழையுறதுக்கு வழிச்சார்புன்னு வெச்சுக்கலாம். பேச்சுல டிபென்டன்சின்னே சொல்லுங்க, யாரும் அடிக்க வரமாட்டாங்க, எரர் மெசேஜைத் தமிழாக்குறப்போ மட்டும் வெறும் சார்புன்னு விட்டுடாதீங்க.