மூன்றில் ஒன்று எரியாதபோது

மாருதி 800 காரின் 796 சிசி இன்ஜினில் மூன்று சிலிண்டர்கள் உள்ளன. வண்டி நின்றபடியே நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் எரிவதால், நொடிக்கு இருபது எரிப்புகள் நிகழ்கின்றன. இருபதும் சீராக விழும்வரை நமக்கு அது ஒரே முனகலாகக் கேட்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், நொடிக்கு ஏறத்தாழ ஏழு முறை அந்த முனகலில் பள்ளம் விழுகிறது. ஸ்டீயரிங்கும் கியர் தண்டும் அந்தத் தாளத்தில் ஆடத் தொடங்குகின்றன. நான்கு சிலிண்டர் கொண்ட அம்பாசடரில் ஒன்று ஓய்ந்தால் இழப்பது கால் பங்கு. இதிலோ மூன்றில் ஒரு பங்கு. ‘வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

என் தந்தையார் 1996இல் வாங்கிய அத்தகைய கார் ஒன்று, புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இன்றும் நிற்கிறது. சில ஆண்டுகளாக அது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஸ்டார்ட் ஆனபின் பத்து நிமிடம் குலுங்கும். பட்டறைக்குப் போய்ச் சேரும் நேரத்துக்கு நல்ல பிள்ளையாகிவிடும். முதல் முறை, சிலிண்டருக்குள் பொறி உண்டாக்கும் பிளக்குகள் மாற்றப்பட்டன. அடுத்த முறை, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார்கள். மூன்றாம் முறை, பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் இக்னிஷன் காயிலையே மாற்றினார்கள். மறுநாள் காலை பழைய குலுக்கல் அப்படியே இருந்தது. எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று மூன்று முறையும் கேட்டார்கள்; எந்த நேரத்தில் கெடுகிறது, எந்த நேரத்தில் சரியாகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய வண்டியைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் முதலில் கேட்க வேண்டியது என்பது என் கருத்து.

ஒரு சிலிண்டர் எரிவதற்குக் காற்று, சரியான அளவில் பெட்ரோல், போதுமான அழுத்தம், உரிய கணத்தில் ஒரு பொறி ஆகியவை வேண்டும். இவற்றுள் ஈரத்துக்கு அஞ்சுவது பொறி. அது உண்டாகும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். காயிலுக்குள் இரண்டு சுருள்கள் உள்ளன. முதல் சுருளைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றுகள் கொண்டது இரண்டாவது. பேட்டரியின் 12 வோல்ட்டை நூறால் பெருக்கினால் 1,200 வோல்ட்தான் வரும். அது பிளக் இடைவெளியைத் தாண்டப் போதாது. ஆகவே முதல் சுருளில் மின்னோட்டத்தை ஓடவிட்டுச் சட்டென்று துண்டிக்கிறார்கள். துண்டிக்கப்படும் கணத்தில் காந்தப்புலம் சரிய, முதல் சுருளிலேயே சில நூறு வோல்ட் எழுகிறது. இரண்டாவது சுருளில் அது இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் உயர்கிறது. துண்டிப்பு எவ்வளவு கூர்மையாக நிகழ்கிறதோ அவ்வளவுக்குப் பொறியும் வலுவாக இருக்கும். இந்தத் துண்டிப்பைப் பாயிண்ட் என்ற சிறு ஸ்விட்ச் செய்யும் பழைய வண்டிகளில், அதற்குத் துணையாக உள்ள கண்டன்சர் செத்துவிட்டால், பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து துண்டிப்பு மழுங்கிவிடும்; பிளக்கில் பொறி சோர்ந்துபோகும்.

இருபதாயிரம் வோல்ட்டுக்குக் கீழ்ப்படியும் குணம் கிடையாது. போகச் சொன்ன வழியைவிட எளிய வழி ஒன்று கிடைத்தால் அதில் போய்விடும். கடற்கரை ஊரில் அந்த எளிய வழியை உப்பு அமைத்துக் கொடுக்கிறது. கடற்காற்றோடு வரும் உப்புத்தூள், காயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி மேலும் பிளக் வயர்களின் மேலும் மெல்லிய படலமாகப் படிகிறது. காய்ந்த உப்பால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அடுக்களையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது இதனால்தான். கரைந்த உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வடகிழக்குப் பருவமழையின்போது புதுச்சேரியின் காலை ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கும் என்பதால், இரவெல்லாம் நின்ற வண்டியின் வயர்கள் மேல் ஓர் உப்புநீர்ப் போர்வை போர்த்தியிருக்கும். இன்ஜின் சூடேறி அதை உலர்த்தியவுடன் நோய் மறைகிறது. பட்டறைக்காரர் பார்க்கும்போது நோயாளி அங்கே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழியை எனக்குச் சொன்னவர் முத்தியால்பேட்டையில் மரத்தடியில் வேலை செய்யும் ஒரு முதிய மெக்கானிக். “லைட்டை அணைச்சிட்டு லேசா தண்ணி தெளிச்சுப் பாருங்க சார், அதுவே காட்டிக் கொடுக்கும்” என்றார். இரவில் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, சலவைக்குத் தண்ணீர் தெளிக்கும் பீச்சியால் வயர்கள்மேல் பனிபோலத் தெளித்தேன். கையை எதிலும் வைக்கவில்லை. இரண்டாம் சிலிண்டருக்குப் போகும் வயர் ஓரிடத்தில் நீலமாக மினுங்கியது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் ஓரத்தில் புழு ஊர்வதுபோல் ஒரு நீலக்கோடு நெளிந்தது. மூடியைக் கழற்றிப் பகலில் பார்த்தபோது, பென்சிலால் கிழித்ததுபோன்ற கரிக்கோடு ஒன்று அங்கே இருந்தது. மின்சாரம் ஒருமுறை ஓடிய தடத்தில் பிளாஸ்டிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்துவதால் மறுமுறை ஓடுவது இன்னும் எளிதாகிறது. துடைத்தால் இந்தக் கோடு போகாது. மூடியையும் மூன்று வயர்களையும் மாற்ற வேண்டியிருந்தது. தேவையின்றி மாற்றிய காயிலின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

இங்கே ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பிளக்கைக் கழற்றி, வயரை மாட்டி, இன்ஜின் உடம்பில் வைத்து, செல்ஃப் அடித்துப் பொறியைப் பார்த்துவிட்டு ‘பிளக் நல்லா இருக்கு’ என்று தீர்ப்புச் சொல்வது எங்கும் நடக்கிறது. வெளிக்காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறக்குறைய மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்பட்டு அடர்ந்திருக்கும்போது அதே இடைவெளிக்குப் பல மடங்கு வோல்ட் தேவை. வெளியே தெரியும் பொறி உள்ளேயும் பறக்கும் என்பதற்கு அது சாட்சியாகாது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது உள்ளே காற்று அதிகம் நுழைவதால் தேவைப்படும் வோல்ட் மேலும் கூடுகிறது. சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுத்தால், பிளக், அதன் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மாறாக, நின்ற இடத்தில் குலுங்கி, வேகம் எடுத்ததும் சீராகும் வண்டியில் பெரும்பாலும் கார்பரேட்டருக்குக் கீழே காற்று திருட்டுத்தனமாக நுழைந்துகொண்டிருக்கும். வேகத்தில் உள்ளே போகும் பெருங்காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு ஒன்றுமில்லாததாகிவிடுகிறது. இன்ஜினின் உறிஞ்சலைப் பிற பாகங்களுக்குக் கொண்டுசெல்லும் வேக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்துப் பார்த்தால், எதை நெரிக்கும்போது இன்ஜின் அமைதியாகிறதோ அதில்தான் ஓட்டை.

எந்தச் சிலிண்டர் ஓய்ந்திருக்கிறது என்பதை அறிய, காப்புறையிட்ட இடுக்கியால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, கழற்றியதை உடனே இன்ஜின் உடம்போடு சேர்த்துவைத்துக் கேட்க வேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஓட்டம் மேலும் தடுமாறும். ஓய்ந்த சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஒன்றுமே மாறாது. அடுத்து அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட வேண்டும். குறையும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. குறை பழைய இடத்திலேயே நின்றால் புதுப் பிளக் வாங்குவது வீண். செலவே இல்லாத இந்தச் சோதனை அவ்வளவு அரிதாகச் செய்யப்படுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. கணினி பொருத்திய புதிய கார்களில் இந்த வேலையை ஒரு சென்சார் செய்கிறது: கிராங்க் தண்டின் சுழற்சி எந்தக் கணத்தில் ஒரு நூலிழை தளர்கிறது என்று கவனித்து, முதல் சிலிண்டர் என்றால் பி0301, இரண்டாவது என்றால் பி0302 என்று எழுதிவைக்கிறது. அந்தக் கார்களில் வயரைக் கழற்றிப் பார்ப்பது தகாது. எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும்.

ஸ்டார்ட் ஆவதில் மட்டும் சிக்கல் என்றால், பேட்டரிக்கு நடக்கும் போட்டியையும் கணக்கில் கொள்ள வேண்டும். பேட்டரியால் இயங்கும் காயில் முறையை உருவாக்கிய அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங்தான் 1912ஆம் ஆண்டின் கேடிலாக் காருக்கு மின்சார செல்ஃபையும் தந்தார். அன்றுமுதல் இரண்டும் ஒரே பேட்டரியைப் பங்குபோடுகின்றன. செல்ஃப் சுழலும்போது நூறு ஆம்பியருக்கும் மேல் இழுப்பதால் 12 வோல்ட் ஒன்பதாக இறங்கலாம். அப்போது காயிலுக்குக் கிடைக்கும் மின்னோட்டம் முக்கால் பங்காகிறது. காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது பாதியை ஒட்டி வந்துவிடுகிறது. பொறி மிக வலுவாக இருக்க வேண்டிய நேரத்தில் மிக நோஞ்சானாக இருப்பது இப்படித்தான். எங்கள் ஊரில் இதற்குப் பேட்டரியைவிட, அதன் எதிர்மின் முனையை இன்ஜினோடு இணைக்கும் எர்த் பட்டைதான் அதிகம் காரணமாகிறது. அது இன்ஜினோடு சேரும் இடம் உப்புக்காற்றில் பூத்துவிடுகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும் மறுமுனையைத் துருவில்லாத இன்ஜின் பரப்பிலும் வைத்துச் செல்ஃப் அடித்தால், அரை வோல்ட்டுக்குமேல் காட்டக்கூடாது. என் வண்டியில் ஒன்றரை வோல்ட் காட்டியது. உப்புத்தாளும் சிறிது வாசலினும் அதைச் சரிசெய்தன.

இதே வண்டி சித்திரையில் வேறொரு நோயைக் காட்டும். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். கடலூர் மஞ்சக்குப்பம் வரை ஓட்டிச்சென்று, வெயிலில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் சாவியைத் திருப்பத் திருப்பச் சுற்றுமே தவிரப் பற்றாது. ஓடும்போது இன்ஜினுக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. நிறுத்தியதும் அது நின்றுபோக, பானட்டுக்குள் வெப்பம் ஏறுகிறது. கார்பரேட்டர் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிய, சிலிண்டர்களில் பெட்ரோல் மிகுந்து காற்று குறைகிறது. ‘ஏர் லாக்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் குழாயில் ஆவி அடைத்துப் பெட்ரோல் வராமல் போவது வேறு, இது வேறு. ஆக்சிலேட்டரைத் தட்டித் தட்டி மிதிக்காமல் முழுவதும் அழுத்தியபடியே செல்ஃப் அடித்துப் பற்றிக்கொண்டால், பெட்ரோல் மிகுந்திருந்தது என்று தெளியலாம்.

எத்தனாலும் இந்தக் கதையில் உண்டு. கடலூர்க்காரர்கள் விலை குறைவு என்று, புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டி வந்து பெட்ரோல் போடுகிறார்கள். ஆனால் 20 சதவீத எத்தனால் கலப்பு எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது கிலோ போதும். கலவைக்கு ஏறத்தாழ பதின்மூன்றரை. புதிய காரின் கணினி ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். கலவை நீர்த்துப்போய்ப் பற்றுவது சிரமமாகிறது. நின்ற இடத்தில் இன்ஜின் தடுமாறுகிறது. வாரக்கணக்கில் எடுக்காத வண்டியில் இன்னொன்றும் நேரலாம்: எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், நீர் ஓரளவுக்குமேல் சேர்ந்தால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து, பம்ப் உறிஞ்சும் இடமான டேங்க்கின் அடியில் போய்த் தங்கிவிடும். மழைக்காலத்தில் டேங்க்கைப் பாதி காலியாக விடாமலிருப்பது நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் ஓய்ந்தே இருந்தால், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரை எடுக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தி அளக்கும்போது, தனி அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். அளவு ஏறினால் ஆயில் அடைத்த இடைவெளி பிஸ்டன் ரிங்குடையது. ஏறாவிட்டால் வால்வு எரிந்திருக்கும், அல்லது வால்வைத் திறக்கும் டேப்பட் இறுகி வால்வு முழுவதும் மூடாமல் நிற்கும்; டேப்பட்டை முதலில் பார்ப்பது செலவைக் குறைக்கும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு நடுவே, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டைக் கழற்றாமல் தீராது. என் வண்டியில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின.