அட்டையும் பட்டியலும் ஒத்துப்போனால்தான் மாத்திரை

மருத்துவமனையில் ஒரு மாத்திரை நோயாளியின் வாய்க்குப் போகும் முன் மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் என மூவர் கண்ணிலாவது படும். வீட்டில் பராமரிப்பாளர் ஒருவர்தான். இன்னொரு ஜோடிக் கண்ணாக நிற்க வேண்டியது மருந்துப் பட்டியல். அதனால் மனப்பாடமாகத் தெரிந்த மருந்தானாலும் பட்டியலைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வந்த முதல் வாரம்தான் பயப்பட வேண்டிய வாரம். பழைய மாத்திரை அட்டைகள் அலமாரியில் இருக்கும், புது அட்டைகள் பையில் வந்திருக்கும். பிபிக்கு ஏற்கெனவே அம்லோடிபின் 5 மி.கி. எடுப்பவருக்கு அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் வந்திருந்தால், இரண்டையும் கொடுத்து 10 மி.கி. ஆகிவிடும். அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழக்கூடும். அட்டையில் கம்பெனி வைத்த பெயரும், மருந்தின் சொந்தப் பெயரான மூலப்பெயரும் இருக்கும். அந்த மூலப்பெயரையும் மில்லிகிராமையும்தான் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். நிறுத்திய மருந்துகளைக் குடும்பத்தாரிடம் சொல்லி அன்றைக்கே தனியாக எடுத்து வைக்கச் செய்யுங்கள். சளி மருந்துகள் பலவற்றில் காய்ச்சலுக்கான பாராசிட்டமால் கலந்திருக்கும், அதனால் அதுவும் இப்படியே இரட்டிப்பாகலாம். வயதுவந்தவர்களுக்கு எல்லாம் சேர்த்து 24 மணி நேரத்தில் 4 கிராம் உச்ச வரம்பு. உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு.

அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து வைக்காதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். பார்வை மங்கிய முதியவர்கள் கூர்முனையுள்ள அந்தத் துண்டை அப்படியே விழுங்கி உணவுக்குழாய் கிழிந்ததும் உண்டு. தேதி அச்சிட்ட முனையைக் கடைசியாக விட்டு, எதிர்முனையிலிருந்து எடுத்து வாருங்கள்.

கொடுக்கும்போது அட்டையை எடுக்கையில் ஒரு முறை, மாத்திரையைப் பிதுக்குகையில் ஒரு முறை, திருப்பி வைக்கையில் ஒரு முறை வாசியுங்கள். மாத்திரையைக் கையில் வாங்காமல் சிறு கிண்ணத்தில் விடுங்கள். நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, முதலில் ஒரு மடக்குத் தண்ணீர், பிறகு மாத்திரை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். விழுங்கிய பிறகுதான் பதிவேட்டில் நேரமும் கையெழுத்தும். முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் மாத்திரையைத் துப்பிவிட்டால், அடுத்து வருபவர் பொய்யான பதிவை நம்பித்தான் வேலை செய்வார். சிரப்புக்கு வீட்டுக் கரண்டி வேண்டாம். அதன் அளவு வீட்டுக்கு வீடு மாறும். மில்லி குறித்த வாய்வழி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.

விழுங்கச் சிரமப்படுகிறார் என்றதும் மாத்திரையைப் பொடிப்பது வழக்கமாகிவிட்டது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்று இருந்தால் அந்த மருந்து மணிக்கணக்கில் மெல்லக் கரையும்படி செய்யப்பட்டது. பொடித்தால் மணிக்கணக்கில் இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். வலிக்கான மார்ஃபின் மாத்திரையில் இது மூச்சையே நிறுத்திவிடலாம். விழுங்கச் சிரமம் என்பதே புதிய அறிகுறி. உடனே மருத்துவரிடம் சொன்னால் திரவ வடிவம் கிடைக்கலாம்.

நேரத்தில் கறாராக இருக்க வேண்டியவை சில. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா தாமதமானால் உடல் விறைத்து, விழுங்கவே முடியாமல் போகலாம். எலும்பு மெலியும் நோய்க்கான அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே நாள்தான். தினமும் கொடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை பழுதாகி உயிருக்கே ஆபத்து. பட்டியலில் கிழமையைப் பெரிதாக எழுதி வையுங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலினை, தட்டு முன்னால் வராமல் போடாதீர்கள்.

நோயாளி மருந்து வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், சாதத்தில் ஒளித்தும் கொடுக்காதீர்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அப்படியே பதிவு செய்து, பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். விட்டுப்போன வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது.

தவறு நடந்துவிட்டால் விளைவு தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் ஆம்புலன்ஸ்தான் முதலில். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். காலி அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசுங்கள்.