பயணப் பையில் வரும் ஆன்டிபயாட்டிக்

திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த் திரும்புகிறவர்களின் பையில், சேலையோடும் மசாலாத் தூளோடும் அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இரண்டு அட்டையும் இருப்பது நம்மிடையே சகஜம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மருந்தாளராக இருக்கும் எனக்கு இதுதான் பெரிய கவலை. அட்டை தீர்ந்ததும் காலி அட்டையோடு கடைக்கு வருவார்கள். "காய்ச்சலுக்கு எனக்கு இதுதாம்மா கேட்கும். ஒரு அட்டை கொடு."

கொடுக்க முடியாது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டப்படி, டாக்டர் சீட்டில்லாமல் மருந்தகத்தில் இதை விற்கக் கூடாது. கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

சளி, தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் அதைத் தொடுவதே இல்லை. அது கொல்வது உடம்பில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களை. தப்பியவை பெருகும், அடுத்தவருக்கும் தொற்றும். "என் உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்பார்கள். பழகுவது உடம்பு அல்ல, கிருமி. நம்மில் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் அதிகம். கால் புண் சீழ் பிடித்து வார்டில் படுத்திருக்கும்போது மருந்து கேட்காவிட்டால், காலையே எடுக்க வேண்டி வரலாம்.

அரசாங்கம் சும்மா இல்லை. சுகாதார அமைச்சும் விவசாய அமைச்சும் சேர்ந்து மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைத் தடுக்க 2017இல் தேசியச் செயல்திட்டம் கொண்டுவந்தன. இரண்டாவது திட்டம் 2022 முதல் 2026 வரை. மனிதருக்கும் கால்நடைக்கும் ஒரே திட்டம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. கொலிஸ்டினைப் பாருங்கள். வேறெதுவும் கேட்காத நோயாளிக்கு ஐசியுவில் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. அதையே பண்ணைகளில் தீவனத்தில் கலந்தார்கள். கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் மலேசியா கொலிஸ்டினைத் தீவனத்தில் தடை செய்தது. மருத்துவமனைகளில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கவில்லை என்ற கண்காணிப்பும் நடக்கிறது.

ஆனால் பயணப் பையில் வந்து அலமாரியில் உட்காரும் அட்டை எந்தக் கணக்கிலும் வராது. அம்மா சாப்பிட்ட மிச்சத்தைப் பேரப்பிள்ளைக்குப் பாதியாக உடைத்துக் கொடுப்பதை எந்த அமைச்சாலும் பார்க்க முடியாது. அதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

வீட்டில் அப்படி மிச்சம் இருந்தால் குப்பையிலோ கழிவறையிலோ போடாதீர்கள். அரசாங்க மருத்துவமனை பார்மசியில் வாங்கிக்கொள்வார்கள். எது என்ன மாத்திரை என்று தெரியாவிட்டால் அப்படியே மருந்தாளரிடம் கொண்டுவாருங்கள், பிரித்துச் சொல்கிறோம். யாரும் திட்ட மாட்டோம்.