லண்டன் வாஷ்பேசினில் இரண்டு குழாய்கள் ஏன்?

லண்டனின் பழைய வீடு ஒன்றில் முதன்முதலாகக் கை கழுவப் போகிறவர் திகைத்துத்தான் போவார். வாஷ்பேசினின் இடது ஓரத்தில் ஒரு குழாய், வலது ஓரத்தில் ஒன்று. இடப்பக்கம் கையை நீட்டினால் சுடும். வலப்பக்கம் நீட்டினால் விரல் விறைக்கும். இரண்டையும் கலந்து வெதுவெதுப்பாகத் தர ஒரே குழாயை வைத்தால் என்ன? பிரிட்டிஷாரின் பழமைப் பிடிவாதம் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. காரணம் பரணில் இருக்கிறது.

விக்டோரியா காலத்து லண்டனில் தண்ணீர் கம்பெனிகள் நாளில் சில மணி நேரம்தான் தண்ணீர் விட்டன. வரும்போது பிடித்துவைக்க வீட்டுக்கு வீடு தொட்டி வேண்டியிருந்தது. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு 24 மணி நேரமும் தண்ணீர் வரத் தொடங்கியும் தொட்டி போகவில்லை. பரணில் இருந்தபடி, கீழே உள்ள வெந்நீர்க் கலனுக்கு நீர் ஊட்டும் வேலை அதற்குக் கிடைத்தது.

அந்த ஏற்பாடு அழகானது. 10 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடேற்றினால் ஏறக்குறைய 1.7 லிட்டர் கூடிவிடும். மூடிய கலனில் அது எங்கே போகும்? இங்கே வந்த வழியே தொட்டிக்கு ஏறிக்கொள்கிறது. மிஞ்சிக் கொதித்தாலும், கலனின் உச்சியிலிருந்து மேலே போய்த் தொட்டியின் மேல் கொக்கி போல் வளைந்து நிற்கும் திறந்த குழாய் வழியாகக் கொட்டிவிடும். கலன் வெடிக்காது.

சிக்கல் அழுத்தத்தில் வருகிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் தருவது சுமார் 1 பார் அழுத்தம். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் வெந்நீருக்குக் கிடைப்பது 0.3 பார்தான். தெருக்குழாயிலிருந்து நேராக வரும் குளிர்நீரோ 2, 3 பார் அழுத்தத்தில் பாயும். இரண்டையும் ஒரே குழாயில் சந்திக்க விட்டால் குளிர்நீர் வெந்நீரை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும்.

இதைவிடப் பெரிய கவலை குடிநீர். மூடி சரியில்லாத பரண் தொட்டியில் தூசியும் பூச்சியும் விழும். தெருவில் அழுத்தம் திடீரென இறங்கினால் வீட்டுத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, ஊருக்கே போகும் குழாயில் கலந்துவிடலாம். அதனால்தான் தொட்டித் தண்ணீரும் தெருத் தண்ணீரும் குழாய்க்குள் சேரவே கூடாது என்று விதி வைத்தார்கள். என் கண்ணுக்கு அது முழுக்கச் சரியான விதி.

நம் வீட்டில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், பெரும்பாலும் கீசருக்கும் குளிர்நீர்க் குழாய்க்கும் ஒரே மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குவதுதான். அழுத்தம் சமம், தண்ணீரும் ஒன்றே. அமெரிக்காவில் இரண்டுமே தெருக்குழாயிலிருந்து வருகின்றன. அங்கும் கலப்பதில் தகராறு இல்லை.

பிரிட்டனில் 1980களின் நடுவில் தெரு அழுத்தத்திலேயே இயங்கும் மூடிய வெந்நீர்க் கலன்களுக்கு அனுமதி கிடைத்தது. புதிய வீடுகளில் ஒற்றைக் குழாய் சாதாரணமாகிவிட்டது. ஆனால் பழைய சமையலறையில் ஒற்றைக் குழாயைக் கண்டால், குனிந்து அதன் வாய்க்குள் பாருங்கள். பலவற்றில் நடுவே மெல்லிய தடுப்பு ஒன்று தெரியும். வெந்நீரும் குளிர்நீரும் கடைசி நொடிவரை தனித்தனி வழியில் வந்து, வெளியே விழும்போதுதான் ஒன்றையொன்று தொடுகின்றன.