வெடிக்கிறதுக்கு முன்னமே குனிஞ்ச பெரியம்மா

போன மாசம் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் எங்கட சினிமா வட்டத்துல டன்கர்க் படம் போட்டம், ரெண்டாம் உலகப்போர் பத்தி 2017ல வந்த நோலன்ட படம். ஆக்கள் ஒரு முப்பது பேர், புரொஜெக்டர் ஒன்டு, வாடகைக்கு எடுத்த ரெண்டு பெரிய ஸ்பீக்கர், பேஸை கூட்டினா ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிலுகிலுக்கும். நான் புரொஜெக்டருக்குப் பக்கத்துல பின்னுக்கு இருந்ததால படத்தை விட ஆக்கள்ட பிடரியத்தான் கூடப் பாத்தன். முன்னுக்கு இருந்த கேம்பஸ் பொடியனுகள், எல்லாம் 2009ல நாட்டுச் சண்டை முடிஞ்ச பிறகு புத்தி தெரிஞ்சவனுகள், குண்டு வெடிக்கக்குள்ள துள்ளினானுகள், துள்ளிட்டு ஒருத்தன ஒருத்தன் பாத்து சிரிச்சானுகள். பின்னால இருந்த ஐம்பது கடந்த ஆக்கள் வெடிக்குப் பெரிசா அசையல்ல. ஆனா பிளேன் சரிஞ்சு இறங்குற கூவல் தொடங்கினதுமே ஒரு பெரியம்மா கதிரையில அப்படியே குனிஞ்சிட்டா, குண்டு இன்னும் விழவே இல்ல.

ரெண்டும் பயம்தானே என்டு தோணும். ஆனா உடம்புக்குள்ள ரெண்டுக்கும் பாதை வேற.

பொடியனுகள் துள்ளினது திடுக்கிடல். திடீரென்டு பெரிய சத்தம் காதுல பட்டா அது மூளைத்தண்டுக்குப் போய் அங்கிருந்தே கழுத்துக்கும் தோளுக்கும் இறங்கிடும், "இது என்ன சத்தம்" என்டு யோசிக்கிற மேல் மூளைய கேக்கிறதே இல்ல. கண் சிமிட்டுறதுதான் முதல்ல, சத்தம் வந்து 30 இருந்து 50 மில்லிசெக்கனுக்குள்ள மூடத் தொடங்கிரும். அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தா துள்ளல் குறையும், அதாலதான் படம் பாதி தாண்ட பொடியனுகளும் அமத்தியாகிட்டானுகள். இருட்டுல இருந்தா மனுசருக்கு திடுக்கிடல் கூடும், லைட்டை அணைச்சுப் படம் போடுறவனுக்கு அது சும்மா கிடைச்ச லாபம்.

பெரியம்மா குனிஞ்சது திடுக்கிடல் இல்ல, அது படிச்ச பாடம். எலிக்கு ஒரு மணிச்சத்தம் கேக்கப்பண்ணி உடனே காலுக்கு ஒள்ளம் கரண்ட் அடிச்சா, கொஞ்ச தரத்துலயே அது மணி கேட்டதும் உறைஞ்சு போய் நிக்கும், கரண்ட் வரும் மட்டும் பாத்திருக்காது. அமிக்டலா என்டு பாதாம் பருப்பு மாதிரி ஒரு சின்னப் பகுதி மூளைக்குள்ள இருக்கு, இந்தச் சத்தத்துக்குப் பிறகு இதுதான் வரும் என்டு முடிச்சுப் போட்டு வைக்கிறது முக்கியமா அதுதான். படத்துல வாற ஜெர்மன்காரன்ட ஸ்டூக்கா பிளேனுக்கு சில்லுக் காலுல தனியா ஒரு சைரன் பூட்டி இருந்தாங்க, குண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, கீழ நிக்கிறவன்ட நெஞ்ச கலக்கத்தான். எங்கட ஆக்களுக்கு அப்படி ஒன்டும் பூட்டத் தேவைப்படல்ல, குண்டு போட வாற விமானப்படைட கிபிர் பிளேன்ட சத்தமே போதுமா இருந்திச்சு.

இன்னொன்டு கவனிச்சன். படத்துல சத்தம் நின்டு எல்லாம் அமைதியாகுற இடங்கள்ல பொடியனுகள் போன எடுத்துப் பாத்தானுகள், பெரிய ஆக்கள்தான் கதிரைக் கைய இறுக்கிப் பிடிச்சாங்க. ஷெல்லடி கேட்டு வளந்தவங்களுக்கு இது விளங்கும். முதல்ல தூரத்துல டொக் என்டு குத்துற சத்தம், மறுகா ஒன்டும் இல்ல, மோட்டார் ஷெல் உயரத்துக்கு ஏறி வளைஞ்சு வாறதால சத்தம் முந்திடும் ஷெல் பிந்தித்தான் வரும், அந்த ஒன்டும் இல்லாத இடைவெளியிலதான் பங்கருக்குள்ள பாயுற. அப்ப அவங்கட உடம்புக்கு அமைதிதான் மணிச்சத்தம்.

கிழக்குல பெரிய சண்டை 2007ல முடிஞ்சிட்டே, இவ்வளவு வருசத்துல மறந்திருக்காதா என்டு கேக்கலாம். மணி மட்டும் அடிச்சு கரண்ட் அடிக்காம விட்டா எலி உறையுறத நிப்பாட்டும்தான், ஆனா பழைய முடிச்சு அவிழ்ந்ததால இல்ல, "இப்ப பயமில்ல" என்டு மேல இன்னொரு பாடம் எழுதுப்படுறதால. அந்தப் புதுப்பாடம் இடத்தோட ஒட்டினது, கூட்டை மாத்தினா பழைய பயம் எட்டிப் பாக்கும். இருட்டு மண்டபமும் ஜன்னல் கிலுகிலுக்கிற பேஸும் புதுக் கூடுதானே. இத உடனே நோய் என்டு சொல்லிடவும் கூடாது, அந்த வேகமான உடம்பாலதான் அவங்க இண்டைக்கு உயிரோட இருந்து படம் பாக்காங்க.

சத்தத்தாலயே இழுத்துக் கட்டுற ஒரு தந்திரமும் இந்தப் படத்துல இருக்கு. 1964ல ரொஜர் ஷெப்பர்ட் என்ட உளவியலாளர் கண்டுபிடிச்ச ஒலி மயக்கம் அது. ஒரே சுரத்தை பல ஸ்தாயியில ஒன்டா ஏத்திக்கிட்டே போவாங்க, மேல போறது மெல்ல மெல்ல மங்கி மறைய கீழ இருந்து இன்னொன்டு மெல்லத் தலை நீட்டும், காதுக்கு சுருதி ஏறிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும் ஆனா எங்கயும் போய்ச் சேராது. கூத்துல அண்ணாவியார் மத்தளத்துல வேகம் ஏத்தினா ஒரு இடத்துல தீர்மானம் வெச்சு எங்கள இறக்கி விடுவார், இது இறக்கி விடவே மாட்டாது. எனக்கு அது கொஞ்சம் ஏமாத்து வேலையாத்தான் பட்டுது.

நாவலடி அண்ணன் ஒராள் வந்திருந்தார். பிளேனுக்கு ஒன்டும் செய்யல்ல, கப்பலுக்குள்ள தண்ணி நிறையுற சீனுல எழும்பி வெளிய போயிட்டார். 2004 டிசம்பர் 26 சுனாமியில நாவலடி பட்டது தெரிஞ்ச ஒருத்தரும் ஏன் என்டு கேக்கல்ல.

படம் முடிஞ்சு பிளேன்டீ குடிக்கக்குள்ள சும்மா ஒரு கதையில ரெண்டு பேருக்கு சண்டை வந்திட்டு, கதிரை அடுக்குறது ஆர் என்டு. பதட்டத்துல சுரக்கிற அட்ரினலின் கொஞ்ச நிமிசத்துல இறங்கிடும், ஆனா கோர்ட்டிசோல் என்ட மற்ற ஹோர்மோன் உச்சிக்கு வாறது பதட்டம் தொடங்கி 20, 30 நிமிசத்துக்குப் பிறகுதான். உடம்பு இன்னும் சூட்டுல இருக்கு, மனம் அந்தச் சூட்டுக்கு முன்னால நிக்கிறவனக் காரணமா எடுத்திரும். டோல்ஃப் ஜில்மன் என்ட உளவியலாளர் 1970கள்ல இதத்தான் விளக்கினார், மிஞ்சின கிளர்ச்சி அடுத்த உணர்ச்சிக்குப் போய் ஏறிக்கொள்ளும் என்டு.

பெரியம்மாட்ட போய், "பயந்திட்டீங்களா பெரியம்மா" என்டு கேட்டன். "பயமா? எனக்குத் தெரியும் மனே அது படம் என்டு, இந்த முதுகு கேக்கல்ல" என்டா.

அடுத்த தரம் கதவுப் பக்கம் நாலு கதிரைய வெறுமையா விடுறது, பேஸை குறைக்கிறது, படம் முடிஞ்ச உடனே கதைக்கத் தொடங்காம முதல்ல தேத்தண்ணி குடுக்கிறது என்டு முடிவெடுத்திருக்கம். கதிரைய கேம்பஸ் பொடியனுகள் அடுக்குவானுகள்.