உங்கள் அடையாள அட்டையின் பிரதி எதற்கு? தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி யாழ்ப்பாணத்தவர் அறிய வேண்டியவை

பிள்ளையை ரியூசனில் சேர்த்தாலும், தவணை முறையில் குளிர்சாதனப் பெட்டி எடுத்தாலும், சிம் அட்டை வாங்கினாலும் அடையாள அட்டையின் போட்டோப் பிரதியைக் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அநேகமாக யாரும் மறுப்பதில்லை. சீருடைக்காரர் கேட்டபோது மறுத்தால் என்ன நடக்கும் என்று அறிந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் பழக்கமாகி, கடைக்காரர் கேட்டாலும் அட்டையை எடுத்து நீட்டுகிறோம். இனி எதற்கு என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவருக்குத் துணை நிற்பதற்கென்றே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரமும் இச்சட்டத்தின்படி தனிப்பட்ட தரவுதான். பெயர், தொலைபேசி இலக்கம், நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் தரவு எல்லாம் இதில் அடங்கும். இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், கைரேகை போன்ற உயிரியல் அடையாளங்கள், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விவரங்கள் ஆகியவற்றுக்குக் கூடுதல் காப்பு உண்டு. வங்கி, தொலைபேசி நிறுவனம், தனியார் வைத்தியசாலை, பிரதேச செயலகம் எல்லோருக்கும் சட்டம் ஒன்றே. வீட்டுத் தேவைக்காக உங்கள் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் இலக்கங்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம்தானே என்பவர்கள் அதை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது; பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1990561 என்று தொடங்கினால், அவர் 1990 மார்ச் 1 ஆம் திகதி பிறந்த பெண். இப்படி வயதையும் பாலையும் சொல்லிவிடும் இலக்கத்தைப் பெயரோடும் முகவரியோடும் படத்தோடும் பிரதி எடுத்துக் கொடுக்கிறோம். அந்தத் தாள் பிறகு எங்கே போகிறது? விண்ணப்பப் படிவங்களும் பரீட்சைத் தாள்களும் கச்சான் சுற்றும் கடதாசியாகி வருவதைக் காணாதவர் இங்கு குறைவு.

சட்டத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது இரண்டு விதிகளை. என்ன நோக்கத்துக்காகத் தரவு பெறப்படுகிறது என்பது முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும்; வேறு நோக்கத்துக்கு அதைத் திருப்பக்கூடாது. அந்த நோக்கத்துக்குத் தேவையானதற்கு மேல் எதையும் வாங்கவும் கூடாது, தேவை முடிந்த பிறகு வைத்திருக்கவும் கூடாது. இவற்றின் பெறுமதியை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்களிக்க எழுதிய பெயர், வீட்டைக் கொளுத்தப் பயன்பட்டது. 2011 தொடக்கத்தில் யாழ்ப்பாண, கிளிநொச்சி மாவட்டங்களில் இராணுவம் குடும்பங்களைப் பதிவு செய்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்தில் உறுதியளித்தது. கேள்வி கேட்டதால் நின்ற பதிவு அது.

கம்பனிதானே சேர்க்கிறது, அரசாங்கம் இல்லையே என்று ஆறுதல்படுவதும் சரியல்ல. அமெரிக்க உளவு அமைப்பு பெரிய இணைய நிறுவனங்களிடமிருந்து பயனாளர் தரவுகளைப் பெற்றதை 2013 இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். யாரோடு பேசினீர்கள், எந்தத் தொலைபேசிக் கோபுரத்துக்குக் கீழ் நின்றீர்கள் என்று தொலைபேசி நிறுவனம் வைத்திருக்கும் பதிவை விசாரணையாளர்கள் கேட்டுப் பெறலாம். ஆகவே கம்பனி அளவுக்கு மீறிச் சேர்ப்பதைத் தடுப்பது அரச கண்காணிப்புக்கு எதிரான காப்பும் ஆகும். சேர்க்கப்படாத விவரத்தை எவராலும் கேட்டு வாங்க முடியாது.

சட்டம் தரும் உரிமைகளுக்கு வருவோம்; அவை நடைமுறைக்கு வரும் நாள் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் என்ன வைத்திருக்கிறது என்று கேட்கலாம். பிழையைத் திருத்தச் சொல்லலாம். கொடுத்த சம்மதத்தை மீளப் பெறலாம். சட்டம் குறிப்பிடும் சந்தர்ப்பங்களில் அழிக்கச் சொல்லலாம். உங்கள் கடன் விண்ணப்பத்தைக் கணினியே நிராகரித்திருந்தால், அந்த முடிவை மீளாய்வு செய்யுமாறு கோரலாம். சம்மதம் இல்லாமல் விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது. இவற்றை எழுத்தில் கேளுங்கள். கடிதம் நீளத் தேவையில்லை: “எனது பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எப்போது, யாரிடமிருந்து, எந்த நோக்கத்துக்காகப் பெற்றீர்கள்? யாருக்குக் கொடுத்துள்ளீர்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?” மறுப்பு வந்தால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அதன் பணிப்புரைக்கு இணங்காத நிறுவனத்துக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 1 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

இனி, மனதை உறுத்தும் பகுதி. அதிகாரசபையை அமைக்கும் விதிகள் 2023 யூலையில் நடைமுறைக்கு வந்தன. உரிமைகள் பற்றிய பகுதிகளுக்கு 2025 மார்ச் 18 என்று நாள் குறிக்கப்பட்டு, பின்னர் அந்த நாள் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. எந்தப் பகுதி எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பதை வர்த்தமானியே அறிவிக்கும் என்பதால், மேன்முறையீட்டுக்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகாரசபையின் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் ஜனாதிபதி. அரசையும் கேள்வி கேட்க வேண்டிய சபையை அரசுத் தலைவரே நியமிப்பது எனக்கு ஏற்புடையதல்ல. தேசிய பாதுகாப்பு, குற்ற விசாரணை போன்றவற்றுக்கு விதிவிலக்கும் உண்டு. அந்த விதிவிலக்கு சட்டத்தால் விதிக்கப்பட்டதாகவும், அவசியமானதாகவும், அளவோடும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் தற்காலிகம் என்று சொல்லி வந்து எத்தனை வருடம் நிலைத்தது என்பதைப் பார்த்த எங்களுக்கு, அந்த அளவை யார் அளப்பது என்று கேட்கும் உரிமை இருக்கிறது. இந்திய அரசின் நன்கொடை உதவியுடன் முகம், கருவிழி, கைரேகை ஆகியவற்றைக் கொண்ட டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்படும் நேரத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றலாம். கைரேகையை மாற்ற வழியில்லை. உரிமைப் பகுதிகள் முழுமையாக இயங்கத் தொடங்கும் முன் ஒருவரின் கருவிழியையும் பதியக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

எந்த வர்த்தமானிக்கும் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. போட்டோப் பிரதி கொடுக்கும்போது, எழுத்துகளுக்குக் குறுக்காக “இன்ன நிறுவனத்தின் இன்ன தேவைக்கு மட்டும்” என்று எழுதித் திகதி இடுங்கள். அட்டையைக் காட்டினால் போதுமா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் போதும் என்பார்கள்.

அரச அலுவலகங்களைப் பொறுத்தவரை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து கையில் இருக்கிறது. உங்கள் பகுதியில் குடும்ப விவரம் திரட்டப்பட்டால், எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய பணிப்பின் பேரில், எங்கே சேமிக்கிறார்கள் என்று தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அலுவலர் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால், அல்லது பேசாமல் விட்டால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.